ஐன்ஸ்டைன் உண்மையிலேயே அமைதி விரும்பியா? மகள் பேச்சுக்கு உதவி தேவை

ஹொரமாவு_அப்பா
வியாழன், இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரில் எங்கள் அடுக்ககத்தில் ஞாயிறு காலையில் மொட்டை மாடியில் தமிழ் வகுப்பு நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கன்னடமும் இந்தியும்தான் என்பதால் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து நாங்களே ஆரம்பித்தது. இந்த வாரம் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விஞ்ஞானியைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கு வந்தது ஐன்ஸ்டைன். தலைப்பு, 'அமைதியை நேசித்த அறிவியலாளர்'.

'ஐன்ஸ்டைன் ஓர் அமைதி விரும்பி' என்று முதல் வரி எழுதினாள். நேற்றுப் பார்த்தால் அதை அடித்துவிட்டுப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னடி ஆச்சு என்றால், "அணுகுண்டு பத்தி அமெரிக்க ஜனாதிபதிக்கு லெட்டர் போட்டதே இவர்தானாம்ப்பா, இதை வச்சுக்கிட்டு நான் எப்படி மைக்கில அமைதின்னு பேசறது?" என்கிறாள். எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது கலைந்த முடியும், நாக்கை நீட்டிய போட்டோவும், இ சமம் எம்சி ஸ்கொயரும்தான். அதிலும் கடைசியைப் பாதிதான் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விக்கிப்பீடியாவை அவளே படித்துவிட்டாள், அதைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம்.

சிவாஜிநகர்_சிக்கன்ரோல்
வியாழன், இரவு 10:30

"தேனீக்கள் அழிந்தால் நாலே வருடத்தில் மனித இனம் அழியும்" – ஐன்ஸ்டைன். இதில் ஆரம்பிக்கச் சொல்லுங்கண்ணா, கைதட்டல் நிச்சயம்.

அடிக்குறிப்பு
வியாழன், இரவு 10:51

அதை அவர் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது, செத்த மனிதர் தலையில் பிற்பாடு கட்டியது. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு வேறு பலனை எதிர்பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று ஒன்று சுற்றுகிறதே, அதுவும் அவருடையது இல்லை. கணக்கில் ஃபெயில் ஆனார் என்பதும் கட்டுக்கதை. பதினைந்து வயதுக்கு முன்பே நுண்கணிதம் முடித்தவர். காலையில் அடுக்ககக் குழுவில் குட்மார்னிங் பூவோடு வருகிற எதையும் பாப்பா பேச்சில் சேர்க்க வேண்டாம்.

இப்போது கடிதம். 1939இல் லாங் ஐலண்டில் பெகோனிக் என்ற ஊரில் கோடை விடுமுறைக்குத் தங்கியிருந்தார். லியோ சிலார்ட், யூஜின் விக்னர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் காரில் தேடிக்கொண்டு போகிறார்கள், வீடு கிடைக்கவில்லை. கடைசியில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கேட்க, அவன் வழி காட்டினான். சிலார்ட் தொடர்வினையைப் பற்றி, அதாவது ஒரு யுரேனிய அணு பிளந்து அடுத்தடுத்த அணுக்களையும் பிளக்க வைப்பதைப் பற்றிச் சொன்னதும் ஐன்ஸ்டைன், "அது எனக்குத் தோன்றவே இல்லையே" என்றார். இந்த இடத்தைப் பாப்பா கவனிக்க வேண்டும். அவருடைய சமன்பாட்டிலிருந்து நேராகக் குண்டு பிறந்தது என்று நம் ஊரில் பேசுகிறோம், அவருக்கோ அப்படி ஒரு வழி இருப்பதே புதுச் செய்தி.

அப்புறம் சிலார்ட் வரைவு எழுதிக் கொண்டுவர, ஆகஸ்ட் 2 தேதியிட்டு ரூஸ்வெல்ட்டுக்குப் போகும் கடிதத்தில் கையெழுத்திட்டார். ஜெர்மனி தன் கைக்கு வந்த செக் சுரங்கங்களின் யுரேனிய விற்பனையை நிறுத்திவிட்டது, இப்படி ஒரு குண்டு சாத்தியம், அரசு விழிப்பாக இருந்து ஆராய்ச்சியைத் துரிதப்படுத்த வேண்டும் என்பதுதான் சாரம். ஜப்பானைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அக்டோபர் 11 அன்றுதான் அது ஜனாதிபதியிடம் போய்ச் சேர்ந்தது. இன்னொரு வேடிக்கை, அமெரிக்கா ரகசியமாகக் குண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தில் அவர் கிடையாது. அவரை நம்பி ரகசியத்தைச் சொல்ல முடியாது என்று 1940இலேயே ராணுவம் முடிவு கட்டிவிட்டது.

கம்மனஹள்ளி_அக்கா
வெள்ளி, காலை 6:40

குண்டு கிடக்கட்டும். வீட்டில் அவர் அமைதியாக இருந்தாரா என்று யாராவது கேட்டீர்களா? 1914இல் மனைவி மிலேவாவுக்கு எழுதிக் கொடுத்த நிபந்தனைப் பட்டியலைப் படித்துவிட்டு வாருங்கள். துணி துவைத்து ஒழுங்காக இருக்க வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு என் அறைக்கே வர வேண்டும், என் மேசையை யாரும் தொடக்கூடாது, என்னிடமிருந்து எந்த நெருக்கத்தையும் எதிர்பார்க்காதே, பேச்சை நிறுத்து என்றால் நிறுத்து, வெளியே போ என்றால் எதிர்த்துப் பேசாமல் போ. கூடப் படித்தவள், இயற்பியல் படித்தவள், அவளுக்கு இது. எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம் இப்படி ஒரு காகிதத்தை நீட்டினால் முகத்தில் எறிந்துவிட்டுப் போய்விடுவார்.

உலக சமாதானம் பேசுகிற ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுப்படிக்கு அந்தச் சமாதானம் வந்து சேர்வதே இல்லை.

சிவாஜிநகர்_சிக்கன்ரோல்
வெள்ளி, காலை 8:15

அக்கா காலையிலேயே குக்கர் விசில்.

கம்மனஹள்ளி_அக்கா
வெள்ளி, காலை 8:17

தம்பி, உன் தேனீ செத்துப் போச்சு, நீ போய் அதை அடக்கம் பண்ணு.

டாடா_இன்ஸ்டிட்யூட்_ஸ்டாப்
வெள்ளி, மதியம் 1:25

அக்கா சொன்ன அந்தப் பட்டியலைத் தேதியோடு சேர்த்துப் படித்தால் இன்னும் கனமாக இருக்கும். மிலேவா அதற்கு ஒப்புக்கொள்ளக்கூடச் செய்தார். ஆனாலும் ஒத்துவரவில்லை, 1914 ஜூலை கடைசியில் இரண்டு பையன்களையும் அழைத்துக்கொண்டு பெர்லினிலிருந்து சூரிச்சுக்கு ரயில் ஏறிவிட்டார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஐன்ஸ்டைன் அழுதார். அன்று ஸ்டேஷனில் கூட நின்ற நண்பர் யார் தெரியுமா, வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நடத்தியவரும் அவரே. அதே வாரத்தில் ஐரோப்பாவில் போர் வெடிக்கிறது.

இங்கிருந்துதான் கதை. அக்டோபரில் ஜெர்மன் அறிவாளிகள் 93 பேர் ஓர் அறிக்கை விட்டார்கள், எங்கள் ராணுவம் பெல்ஜியத்தில் தப்பே செய்யவில்லை என்று. இயற்பியலாளர்கள் பிளாங்க், ரோண்ட்கன், அப்புறம் ஹேபர், எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஐன்ஸ்டைனைப் பெர்லினுக்குக் கூட்டிவந்ததே பிளாங்க்தான், அதை மறக்க வேண்டாம். பதிலுக்கு கியோர்க் நிக்கோலாய் என்ற மருத்துவர் 'ஐரோப்பியர்களுக்கு' என்று எதிர் அறிக்கை ஒன்றை எழுதிக்கொண்டு அலைந்தார். கையெழுத்துப் போட்டது நிக்கோலாயோடு சேர்த்து மொத்தமே நாலு பேர், அதில் ஒருவர் ஐன்ஸ்டைன். அன்றைக்கு அவர் உலகப் புகழ் பெற்றவர் இல்லை. புது வேலை, புது ஊர், வீடு உடைந்து இரண்டு மாதம். சம்பளம் கொடுக்கிற ஊருக்கு எதிராகப் பெயரைக் கொடுக்கிறார்.

ஹேபர் என்ன செய்தார்? 1915 ஏப்ரல் 22, பெல்ஜியத்துப் போர்முனையான ஈப்ரில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டவர்களின் தலைவர் அவர். பத்து நாளில் அவர் மனைவி கிளாரா, அவரும் வேதியியல் படித்தவர், துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஐன்ஸ்டைன் ஹேபரின் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நட்பை முறிக்கவில்லை. இது குணமா, கோழைத்தனமா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன், நம் ஊர் சமாசாரம் அது. ஐன்ஸ்டைனின் நெருங்கிய நண்பர், இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் இருக்கிறாரே, கடவுள் பகடை ஆடுவதில்லை என்ற கடிதம் போனது இவருக்குத்தான், அவர் 1935–36 குளிர்காலத்தில் ஆறு மாதம் இங்கேதான், டாடா இன்ஸ்டிட்யூட்டில் இருந்தார். (இந்திய அறிவியல் கழகத்துக்கு பஸ் கண்டக்டர் சொல்கிற பெயரைத்தான் நானும் சொல்வேன்.) நாஜிகள் வேலையைப் பறித்த பிறகு நம் சி.வி.ராமன் கூப்பிட்டு வைத்துக்கொண்டார், நிரந்தரப் பதவி தரவும் முயன்றார். பேராசிரியர்கள் கூட்டத்தில் ஒரு ஆங்கிலேயர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்து விரட்டப்பட்ட இரண்டாம் தர ஆள் நமக்கு எதற்கு என்று போர்ன் காதுபடவே பேசினார். போர்ன் வீட்டுக்குப் போய் மனைவி முன்னால் அழுததாக அவரே எழுதியிருக்கிறார். 1954இல் அந்த இரண்டாம் தர ஆளுக்கு நோபல் பரிசு. அவரும் குண்டுப் பக்கம் போகாதவர். தினமும் அந்த மரங்களுக்கு அடியில்தான் நான் மெஸ்ஸுக்கு நடக்கிறேன், நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும்.

போர்ன் சொன்ன இன்னொரு கதையோடு நிறுத்துகிறேன், லேபுக்கு நேரமாகிவிட்டது. 1918 நவம்பர், புரட்சி. பெர்லின் பல்கலைக்கழகத் தலைவரையும் சில பேராசிரியர்களையும் மாணவர்கள் பிடித்து அடைத்துவிட்டார்கள். இடதுசாரிப் பையன்கள் ஐன்ஸ்டைன் பேச்சைக் கேட்பார்கள் என்று அவரும் போர்னும் வெர்த்தைமர் என்ற உளவியலாளரும் டிராம் ஏறி நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போனார்கள். பையன்கள் தங்கள் புதுச் சட்டதிட்டங்களைக் காட்டி அபிப்பிராயம் கேட்க, பழைய சுதந்திரத்தை ஒழித்துவிட்டு இதை வைப்பதாக இருந்தால் வருத்தப்படுவேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அப்புறம் புதுப் பிரதமரிடம் போய்ச் சீட்டு வாங்கி வந்து எல்லாரையும் வெளியே எடுத்தார்கள்.

ஹொரமாவு_அப்பா
வெள்ளி, இரவு 9:05

சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். ஸ்டேஷன் இடம் வந்ததும் தட்டில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள், தோசை ஆறிப்போனது. "அப்ப ரெண்டும் ஒரே ஆளாப்பா?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மர்ஃபிடவுன்_காரர்
வெள்ளி, இரவு 11:48

நான் இங்கே எழுதுவது குறைவு, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ஓர் அரசுத் தளவாடத் தொழிற்சாலையில் 31 வருடம் தரப் பரிசோதனையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்களிடம் வருகிற பாகத்தை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் காக்கி அட்டைச் சீட்டை நூலில் கட்டி, முத்திரை குத்தி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பாகம் எதில் போய்ப் பொருந்துகிறது, எங்கே போய் வெடிக்கிறது என்பது எங்களுக்கு வராது. ஆரம்பத்தில் என் முழுப் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி வருடங்களில் அது ஒரு கொக்கியும் புள்ளியுமாகச் சுருங்கிவிட்டது. ஒரு நாளைக்கு இருநூறு முன்னூறு சீட்டு. எதைப் பற்றியும் யோசித்ததில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன், போட்டேன்.

அதனால் இந்த மனிதரை நான் கையெழுத்துகளாகப் பார்க்கிறேன். முதலாவது 1914, நாலு பேரில் ஒருவர். இரண்டாவது 1939. நடுவில் அவர் சும்மா இல்லை. 1930 டிசம்பரில் நியூயார்க்கில் பேசும்போது, ராணுவத்துக்கு அழைக்கப்படுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் மாட்டேன் என்று சொன்னால் போதும், அரசாங்கங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அத்தனை பேரை அடைக்கச் சிறை கிடையாது என்றார். பிள்ளைகள் '2%' என்று பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தார்கள். மூன்றே வருடம். ஹிட்லர் வந்ததும், நான் பெல்ஜியக்காரனாக இருந்தால் இன்றைய நிலையில் ராணுவச் சேவையை மறுக்க மாட்டேன் என்று எழுதிவிட்டார். கூட இருந்த சமாதானக்காரர்கள் துரோகி என்கிற அளவுக்குக் கொதித்தார்கள். தன் வாயால் சொன்னதைத் தானே எல்லார் முன்னாலும் திருப்பி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒன்றைப் பாப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். 1943இல் அமெரிக்கக் கடற்படைக்கு வெடிபொருள் விஷயத்தில் ஆலோசகராகவும் இருந்தார், நாளுக்கு 25 டாலர். கடற்படையில் சேர்ந்துவிட்டேன், முடி மட்டும் வெட்டச் சொல்லவில்லை என்று சிரித்தாராம். இதைப் படித்தபோது எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது 1955. தத்துவஞானி ரஸ்ஸல் எழுதிய அணு ஆயுத எதிர்ப்பு அறிக்கைக்கு ஏப்ரல் 11 கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் 18 போய்விட்டார்.

கம்மனஹள்ளி_அக்கா
சனி, காலை 7:02

ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்கிறேன்.

இரவுப்பணி
சனி, காலை 7:30

டியூட்டி முடித்துவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருக்கும். மனநலப் பிரிவில் நர்ஸ். மூன்று கையெழுத்துப் பேச்சில் இரண்டாவது மகன் விடுபட்டுப் போகிறான். எடுவார்ட், 1910இல் பிறந்தவன், நன்றாகப் பியானோ வாசிப்பான், மருத்துவம் படிக்கச் சேர்ந்தவன். இருபது வயது வாக்கில் மனச்சிதைவு நோய். சூரிச்சில் பூர்கஹோல்ட்ஸ்லி மனநல மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். 1933இல் அப்பா ஒரு தடவை போய்ப் பார்த்தார், வயலினையும் எடுத்துப் போனார். அதுதான் கடைசி. அமெரிக்கா போனவர் 22 வருடம் உயிரோடு இருந்தும் அவனைத் திரும்பப் பார்க்கவே இல்லை. மிலேவாதான் 1948இல் சாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டார். எடுவார்ட் 1965இல் இறந்தான்.

திட்டுவதற்காகச் சொல்லவில்லை. என் வார்டில் பணம் கட்டிவிட்டு வராண்டாவிலேயே நின்று திரும்பிப் போகும் அப்பாக்களைத் தெரியும். உள்ளே வர மாட்டார்கள். பிஸ்கட் பாக்கெட்டை என் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. ஸ்டாப் வந்துவிட்டது.

வில்சன்கார்டன்_வாசகன்
சனி, காலை 11:20

கூடவே இதையும் போட்டுவிடுகிறேன், மறைத்துப் பயனில்லை. 1922இல் ஜப்பான் போகும் வழியில் எழுதிய நாட்குறிப்பு 2018இல் ஆங்கிலத்தில் வந்தது. சீனர்களைப் பற்றி எழுதியிருப்பது படிக்கவே சங்கடம், இவர்கள் மற்ற இனங்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டால் பரிதாபம் என்கிற மாதிரி. கொழும்பில் இறங்கியபோது அங்குள்ள ஜனங்கள் அழுக்கிலும் நாற்றத்திலும் வாழ்கிறார்கள் என்று எழுதுகிறார். அதே கொழும்புக் குறிப்பில் கைரிக்‌ஷாவில் ஏறியதைப் பற்றி, சக மனிதனை இப்படி நடத்துவதில் நானும் உடந்தையாகிவிட்டேனே என்று மிகவும் வெட்கப்பட்டதாகவும் எழுதுகிறார். வெட்கப்பட்டார், ஆனால் ஏறினார்.

அடிக்குறிப்பு
சனி, மதியம் 12:05

சரிதான், ஆனால் மனிதர் 1922லேயே நின்றுவிடவில்லை. 1937இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குப் பிரின்ஸ்டனில் ஹோட்டல் அறை மறுத்தபோது தன் வீட்டில் தங்க வைத்தார். 1946இல் லிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போய், அது கறுப்பின மாணவர்கள் படித்த இடம், நிறவெறி வெள்ளைக்காரர்களின் நோய், இதைப் பற்றி நான் வாயை மூடிக்கொண்டிருக்கப் போவதில்லை என்று பேசினார். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அவரைப் பற்றி 1400 பக்கத்துக்கு மேல் கோப்பு சேர்த்து வைத்திருந்தது, சும்மா இல்லை. தாகூர் சந்திப்பு, காந்தி பாராட்டு எல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கும், விட்டுவிடலாம்.

பாப்பாவின் கேள்விக்கு அவரே பதில் சொல்லியிருக்கிறார் என்பதைத்தான் சொல்ல வந்தேன். குண்டு விஷயத்தில் ஒரு ஜப்பானியர் கடிதம் போட்டு விடாமல் கேட்டார். 1953இல் ஐன்ஸ்டைன் எழுதிய பதிலின் சாரம்: நான் முழுமுற்றான அமைதிவாதி என்று சொன்னதில்லை, எப்போதும் உறுதியான அமைதிவாதி என்றேன், பலத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. சமாளிப்பு மாதிரித் தெரியும். ஆனால் அடுத்த வருடம் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கிடம், ரூஸ்வெல்ட் கடிதத்தில் கையெழுத்திட்டது என் வாழ்க்கையின் பெரிய தவறு, ஜெர்மானியர்கள் செய்துவிடுவார்கள் என்ற ஆபத்து இருந்ததால் கொஞ்சம் நியாயமும் உண்டு என்றார். இரண்டு பாதியையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். நாம்தான் ஆளுக்கொரு பாதியை வெட்டி எடுத்துக்கொள்கிறோம்.

சிவாஜிநகர்_சிக்கன்ரோல்
சனி, மதியம் 12:40

கிண்டல் பண்ண வந்தேன், இப்ப ஹேபரைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஐன்ஸ்டைன் மாதிரியே அவரும் யூதராகப் பிறந்தவராமே? 1933இல் அவரையும் நாட்டை விட்டு வெளியேற வைத்துவிட்டார்கள், அடுத்த ஜனவரியில் பாசலில் செத்துப்போனார். 93 பேர் லிஸ்டில் கையெழுத்துப் போட்ட மனுஷனுக்கு அந்த நாடு கொடுத்தது இதுதானா.

ஹொரமாவு_அப்பா
ஞாயிறு, மதியம் 2:15

முடிந்தது. காலையில் தூறல் விழுந்ததால் மொட்டை மாடியிலிருந்து கீழே பார்க்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள், ஸ்பீக்கர் கரகரவென்றது. ஐந்து நிமிடம் கொடுத்தார்கள், எட்டு நிமிடம் பேசினாள், ஒருவரும் மணி அடிக்கவில்லை. 'அமைதி விரும்பி' என்ற வார்த்தை பேச்சில் எங்கேயும் வரவில்லை. "ஐன்ஸ்டைன் மூன்று முறை கையெழுத்துப் போட்டார்" என்று ஆரம்பித்தாள். மர்ஃபிடவுன் ஐயா, உங்களிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டாள், மன்னிக்கவும். எடுவார்டைப் பற்றி ஒரே ஒரு வரி சொன்னாள். வயலினோடு போனார், அப்புறம் போகவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு அப்பா மட்டும் சின்னப் பிள்ளைகள் முன்னால் இதெல்லாம் தேவையா என்று என்னிடம் வந்து கேட்டார். சும்மா தலையாட்டி வைத்தேன்.

மர்ஃபிடவுன்_காரர்
ஞாயிறு, மதியம் 3:30

எடுத்துக்கொள்ளட்டும். பேச்சை எழுதின தாளில் அவள் பெயரை முழுசாக எழுதச் சொல்லுங்கள்.

அடிக்குறிப்பு
ஞாயிறு, மாலை 5:10

ஒரு சின்னத் திருத்தம், பழக்க தோஷம். 1914இல் அவரோடு மூன்று பேர். 1955இல் ரஸ்ஸல், போர்ன், பாலிங், ராட்பிளாட், யுகாவா என்று அவரோடு சேர்த்து பதினொரு பேர். 1939 கடிதத்தை எழுதியது சிலார்ட், கார் ஓட்டி வந்தது முதல் தடவை விக்னர், அடுத்த தடவை டெல்லர். அடியில் இருக்கிற கையெழுத்து ஐன்ஸ்டைனுடையது மட்டும்தான். பாப்பாவிடம் சொல்லுங்கள்.

ஹொரமாவு_அப்பா
ஞாயிறு, மாலை 5:42

சொன்னேன். "அது தெரியும்ப்பா, மூணாவது பத்தியில இருக்கு, நீங்க அப்ப யார்கூடவோ பேசிக்கிட்டிருந்தீங்க" என்கிறாள்.